பிளக் மாத்தியாச்சு... லைட்டு ஏன் போகல?

போன செமஸ்டர் லீவுல ஊருக்குப் போயிருந்தேன். சித்தப்பாவோட கார் 2014 மாடல், நாலு சிலிண்டர் பெட்ரோல் வண்டி. வீட்டில் அதுக்கு ஒரே ஒரு முக்கியமான வேலைதான். வாரத்துக்கு ரெண்டு நாள் பாட்டியை ஒட்டன்சத்திரத்திலிருந்து திண்டுக்கல்லுக்கு டயாலிசிஸுக்குக் கூட்டிட்டுப் போய் வரணும். மத்த நாளெல்லாம் வேப்பமரத்தடியில் நிற்கும்.

அந்த வாரம் வண்டி மிஸ்ஸிங் அடிக்க ஆரம்பிச்சுது. சிக்னல்ல நிறுத்தினா ஸ்டீயரிங்கே நடுங்கும். டேஷ்போர்டுல மஞ்சள் கலர்ல அந்த என்ஜின் படம். மெக்கானிக் அண்ணன் நாலு ஸ்பார்க் பிளக்கையும் மாத்தி, மூணாவது சிலிண்டருக்கு இக்னிஷன் காயிலும் புதுசு போட்டார். நடுக்கம் போயிடுச்சு. லைட்டு மட்டும் போகல. "ரெண்டு மூணு தடவ ஓட்டுங்க, தானா அணையும். அணையலைன்னா அப்படியே கொண்டாங்க"ன்னு சொல்லி அனுப்பிட்டார்.

சித்தப்பாவுக்கு மனசு கேக்கல. "நீ மெக்கானிக்கல்தானே படிக்கிற? இதை அணைக்கத் தெரியாதா?"

அந்தக் கேள்விக்கு 'தெரியாது'ன்னு சொல்ல எந்த மெக்கானிக்கல் பையனுக்குத்தான் மனசு வரும்? மினி ப்ராஜெக்ட்டுக்காக வாங்கின புளூடூத் அடாப்டர் பையிலேயே இருந்துச்சு. ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கிற 16 பின் சாக்கெட்டில் அதைச் சொருகி, போன்ல ஆப்பைத் திறந்து, 'க்ளியர்' அமுக்கினேன். லைட்டு அணைஞ்சுது. சித்தி எனக்கு ஸ்பெஷலா காபி போட்டுக் கொடுத்தாங்க.

நாலாவது நாள், பாட்டியைப் பின்சீட்டுல உட்கார வெச்சுக்கிட்டு ஒரு மேம்பாலத்துல ஏறும்போது லைட்டு திரும்ப வந்துச்சு. இந்தத் தடவை சும்மா எரியல. விட்டு விட்டு மின்னிச்சு. வண்டி இழுக்கவும் மாட்டேங்குது. பாட்டிக்கு மெஷின்ல ஏற வேண்டிய நேரம் நெருங்கிக்கிட்டு இருக்கு. சித்தப்பா இடது ஓரமா, மாட்டு வண்டி மாதிரி மெதுவா ஓட்டி எப்படியோ ஆஸ்பத்திரி சேர்த்துட்டார்.

சாயங்காலம் மெக்கானிக் அண்ணனுக்கு போன் போட்டோம். அவர் கேட்ட முதல் கேள்வி: "முன்னாடி எரிஞ்சப்போ உள்ள என்ன கோடு இருந்துச்சு தம்பி? எழுதி வெச்சியா?"

"அழிச்சுட்டேன்ணே."

கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் பேச்சே இல்லை. எனக்கு அப்போதான் உறைச்சுது. நான் பழுதைச் சரி பண்ணல, சாட்சியை அழிச்சிருக்கேன். இந்தக் கட்டுரை அந்த வெட்கத்துல எழுதினது.

இந்த லைட்டு யாருக்காக?

நம்மில் பலர் நினைக்கிற மாதிரி இது என்ஜினைக் காப்பாத்துறதுக்குன்னு வந்த லைட்டு இல்லை. காத்தைக் காப்பாத்த வந்தது. லாஸ் ஏஞ்சலஸ் நகரத்தை மூடியிருந்த புகைமூட்டத்துக்கு வாகனப் புகையும் பெரிய காரணம்னு 1950களில் வேதியியலாளர் ஏரி ஹாகன்-ஸ்மித் விளக்கினார். கலிபோர்னியா மாநிலம் காற்று வாரியம் அமைத்தபோது அதன் முதல் தலைவரும் அவரே. அந்த வாரியம்தான் 1988 மாடல் கார்களிலிருந்து, புகைக் கட்டுப்பாட்டில் கோளாறு வந்தால் வண்டியே தன்னைச் சோதித்து விளக்கெரிய வேண்டும் என்று விதி போட்டது. அதன் இரண்டாம் வடிவமான ஓபிடி-2, 1996 மாடல் முதல் அமெரிக்கா முழுக்கக் கட்டாயமானது. நம்ம நாட்டில் பிஎஸ்-4 வண்டிகளுக்கு 2010 ஏப்ரலில் முதல் கட்டமும், 2013 ஏப்ரலில் ஓபிடி-2 கட்டமும் வந்தன. சித்தப்பாவோட 2014 மாடல் வண்டியில் இந்த வசதி இருந்தது அதனால்தான்.

இது ஏன் முக்கியம்னா, "வண்டி நல்லாத்தானே ஓடுது, லைட்டு மட்டும் ஏன் எரியுது?" என்ற கேள்விக்கு இங்கேதான் பதில் இருக்கு. வண்டி ஓடுதா என்பது இந்த லைட்டோட கவலை இல்லை. புகை சட்டத்துக்குள்ள இருக்கா என்பதுதான் அதோட கவலை.

மிஸ்ஸிங் அடிக்கிறது ஈசியூவுக்கு எப்படித் தெரியுது?

இது எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி. சிலிண்டருக்குள்ள தீப்பொறி வந்துச்சான்னு பார்க்க பெரும்பாலான வண்டிகளில் தனி சென்சார் கிடையாது. ஈசியூ கவனிக்கிறது கிராங்க் ஷாஃப்ட் சுற்றும் வேகத்தைத்தான்.

கிராங்க் ஷாஃப்ட்டில் ஒரு பல் சக்கரம் இருக்கும். பல வண்டிகளில் 60 பல்லுக்கு இடம் இருக்கும், அதில் 2 பல் வேண்டுமென்றே விடப்பட்டிருக்கும். அந்த இடைவெளிதான் தொடக்கப் புள்ளி. ஒரு பல்லுக்கும் அடுத்த பல்லுக்கும் 6 டிகிரி. ஒவ்வொரு பல்லும் சென்சாரைக் கடக்க எவ்வளவு நேரம் ஆகுதுன்னு ஈசியூ அளந்துக்கிட்டே இருக்கும்.

நாலு சிலிண்டர் ஃபோர் ஸ்ட்ரோக் என்ஜினில் ஒவ்வொரு 180 டிகிரிக்கும் ஒரு சிலிண்டர் வெடிக்கணும். ஐடிலிங்கில் 800 ஆர்பிஎம் என்றால் நிமிஷத்துக்கு 1,600 வெடிப்பு. ஒரு வெடிப்புக்கும் அடுத்ததுக்கும் 37.5 மில்லி செகண்ட். ஒவ்வொரு வெடிப்பும் கிராங்க்கை ஒரு தள்ளு தள்ளும். ஒரு சிலிண்டர் வெடிக்கலைன்னா அந்தத் தள்ளு கிடைக்காது, அந்த 180 டிகிரியில் கிராங்க் இம்மியளவு தாமதிக்கும். தாமதம் யாரோட முறையில் வந்துச்சுன்னு பார்த்தா எந்த சிலிண்டர்னு தெரிஞ்சுடும். நாலு பேர் தூக்குற பல்லக்குல ஒருத்தர் கையை விட்டா, உள்ளே உட்கார்ந்திருக்கிறவருக்குத் திரும்பிப் பார்க்காமலே எந்த மூலைன்னு தெரியுமே, அது மாதிரி.

அப்படிக் கண்டுபிடிச்சதை ஈசியூ கோடாக எழுதி வைக்கும். பி0301 என்றால் முதல் சிலிண்டர் மிஸ்ஃபயர், பி0303 என்றால் மூணாவது. பி0300 என்றால் ஒரே சிலிண்டர்னு சொல்ல முடியாத, மாறி மாறி வர்ற மிஸ்ஃபயர். கவனிங்க: 'மூணாவது சிலிண்டர் எரியல' என்று மட்டும்தான் அது சொல்லுது. 'காயில் போச்சு' என்று சொல்லல. பிளக், காயில், ஒயரிங், பெட்ரோல் இன்ஜெக்டர், கம்ப்ரஷன், இதில் எது வேணும்னாலும் காரணமா இருக்கலாம். கோடு விலாசம் மாதிரி. வீட்டைக் காட்டும், ஆளைக் காட்டாது.

ரிப்பேர் முடிஞ்ச பிறகும் ஏன் எரியுது?

ஏன்னா ஈசியூ யாரையும் உடனே நம்பாது. குற்றம் சாட்டவும் அவசரப்படாது, விடுதலை செய்யவும் அவசரப்படாது.

பொதுவா ஒரு ஓட்டத்தில் தவறு தெரிந்தால் அதைத் தற்காலிகக் கோடாக வைத்துக்கொள்ளும். அடுத்த ஓட்டத்திலும் அதே தவறு வந்தால்தான் உறுதி செய்து விளக்கைப் போடும். விளக்கு எரிந்த பிறகு, தொடர்ந்து மூன்று ஓட்டங்களில் அந்தத் தவறு வராமல் இருந்தால்தான் அணைக்கும். விளக்கு அணைந்தாலும் கோடு உடனே அழியாது. அதே தவறு திரும்ப வராமல், 40 தடவை என்ஜின் நன்றாகச் சூடேறிய பிறகுதான் அது நினைவிலிருந்து நீங்கும். 'ஓட்டம்' என்பது சாவியைப் போட்டு எடுப்பது அல்ல. என்ஜினை ஸ்டார்ட் செய்து, அந்தச் சோதனை நடக்கிற அளவுக்கு ஓட்டி, பிறகு அணைப்பது.

மிஸ்ஃபயருக்கு இன்னொரு நிபந்தனையும் உண்டு. கலிபோர்னியா விதிப்படி, முதலில் தவறு நடந்த அதே மாதிரி சூழ்நிலையில் வண்டி ஓடி, தவறு வராமல் இருந்தால்தான் அந்த ஓட்டம் கணக்கில் சேரும். ஆர்பிஎம் 375க்குள், லோடு 20 சதவீதத்துக்குள் ஒத்துப்போகணும், என்ஜின் சூடும் பொருந்தணும். அதாவது மேட்டுல ஏறும்போது மிஸ்ஸிங் வந்த வண்டியை மூணு நாள் கடைத்தெருவுக்குள்ள ஓட்டிட்டு 'லைட்டு அணையலையே'ன்னு கவலைப்பட்டா பிரயோஜனம் இல்லை.

ஆக, "ரெண்டு மூணு தடவ ஓட்டுங்க, அணையலைன்னா அப்படியே கொண்டாங்க"ன்னு மெக்கானிக் அண்ணன் சொன்னது சாக்கு இல்லை. அதுதான் சரியான சோதனை. 'அப்படியே' என்ற வார்த்தைதான் எனக்குக் காதுல விழல.

'க்ளியர்' அமுக்கினால் என்னென்ன போகும்?

லைட்டு போகும், கோடு போகும். இது எல்லாருக்கும் தெரியும். கூடவே போற மூணு விஷயம்தான் பலருக்குத் தெரியாது.

முதலாவது, ஃப்ரீஸ் ஃப்ரேம். தவறு பதிவான நொடியில் ஆர்பிஎம் எவ்வளவு, லோடு எவ்வளவு, வேகம் எவ்வளவு, கூலன்ட் சூடு எவ்வளவுன்னு ஈசியூ எடுத்து வைக்கிற ஒரு போட்டோ. பழுது எங்கேன்னு தேடுறவருக்கு இதைவிட நல்ல துப்பு கிடையாது.

ரெண்டாவது, தற்காலிகக் கோடுகள். இன்னும் உறுதியாகாம, உள்ளே வளர்ந்துக்கிட்டு இருந்த வேற ஏதாவது கோளாறு இருந்திருந்தா அதுவும் சேர்ந்தே போயிடும்.

மூணாவது, ரெடினஸ். கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர், ஆக்சிஜன் சென்சார் போன்றவற்றுக்கான சோதனைகள் முடிஞ்சுதா இல்லையான்னு ஈசியூ ஒரு பட்டியல் வெச்சிருக்கும். க்ளியர் பண்ணினதும் அவை 'முடியவில்லை' என்ற நிலைக்குத் திரும்பும். அவை திரும்ப முடிய சில நாள் ஓட்டம்கூட ஆகலாம்.

பேட்டரி வயரைக் கழட்டி மாட்டுற பழைய வித்தையும் பல வண்டிகளில் இதையேதான் செய்யும். கூடவே ஐடிலிங் கற்றதையும் மறந்து, வண்டி சில நாள் தடுமாறலாம்.

வீட்டில் யாராவது பழைய கார் வாங்கப் போனா இது உதவும். ஆப்பில் கோடு எதுவும் இல்லை, ஆனால் ரெடினஸ் பட்டியலில் பெரும்பாலானவை 'முடியவில்லை' என்று இருந்தால், சமீபத்தில் யாரோ அழிச்சிருக்காங்க, அல்லது பேட்டரி கழட்டியிருக்காங்க. ஏன்னு கேளுங்க. இன்னொன்று, சாவியை ஆன் நிலைக்குத் திருப்பினதும், என்ஜின் ஸ்டார்ட் ஆகுறதுக்கு முன்னாடி இந்த விளக்கு ஒரு முறை எரியணும். அப்போதும் எரியலைன்னா விளக்கையே யாரோ முடக்கியிருக்கலாம்.

எரிவது வேறு, மின்னுவது வேறு

நிலையாக எரிந்தால், வண்டி சாதாரணமா ஓடும் வரை பதறாம ஓட்டிக்கிட்டுப் போய்க் காட்டலாம். மின்னினால் கதை வேற. கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரையே கெடுக்கிற அளவுக்கு மிஸ்ஃபயர் நடந்துக்கிட்டு இருக்குன்னு அர்த்தம்.

எப்படிக் கெடுக்கும்? எரியாத பெட்ரோலும் ஆக்சிஜனும் அப்படியே சைலன்சர் பக்கம் போகும். அங்கே பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூசிய தேன்கூடு மாதிரி ஒரு பீங்கான் கட்டி இருக்கு. சிலிண்டருக்குள்ள எரிய வேண்டியது அந்தத் தேன்கூட்டுல எரியும். சூடு எல்லை மீறினா பூச்சு வேலை செய்யாது. இன்னும் மோசமானா தேன்கூடே உருகி அடைச்சுக்கும். பிளக், காயில் செலவெல்லாம் இதுக்கு முன்னாடி தூசு. போதாக்குறைக்கு, எரியாம வந்த ஆக்சிஜனைப் பார்த்த சென்சார் 'பெட்ரோல் பத்தல'ன்னு தப்பாச் சொல்ல, ஈசியூ இன்னும் கொஞ்சம் பெட்ரோலை ஊத்த வாய்ப்பிருக்கு. எரியுற வீட்டுல எண்ணெய்தான்.

அதனால மின்னினா ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுங்க. பாதுகாப்பான இடத்தில் நிறுத்துறதுதான் நல்லது. எங்களை மாதிரி நிறுத்த முடியாத நிலைமைன்னா, லோடு குறைச்சு, மெதுவா, பக்கத்து இடம் வரை மட்டும். சிவப்பு விளக்குகளான ஆயில் பிரஷரும் என்ஜின் சூடும் இதில் சேராது. அவை எரிஞ்சா உடனே நிறுத்தி என்ஜினை அணைச்சுடணும்.

எங்க வண்டியில என்னதான் ஆச்சு?

மேம்பாலத்துக்குப் பிறகு நான் எதையும் அழிக்கல. மெக்கானிக் அண்ணன் முன்னாடியே அடாப்டரைப் போட்டுப் படிச்சோம். கோடு பி0303. ஃப்ரீஸ் ஃப்ரேமில் 2,350 ஆர்பிஎம், வேகம் 46, லோடு 82 சதவீதம், கூலன்ட் 88 டிகிரி. "சூடான வண்டி, மேட்டுல, முக்கும்போது மட்டும் விடுது"ன்னு அண்ணன் அந்த நாலு எண்ணைப் பார்த்தே சொல்லிட்டார்.

என்ஜின் ஆறின பிறகு மூணாவது காயிலை ஒண்ணாவது இடத்துக்கும், ஒண்ணாவதை மூணுக்கும் மாத்திப் போட்டார். அதே மேட்டுல ஓட்டினோம். இன்னும் மூணாவது சிலிண்டர்தான். அப்போ காயில் நிரபராதி. கோளாறு காயிலோட நகர்ந்திருந்தா கோடு பி0301 ஆகியிருக்கணும். அடுத்து பிளக்கை மாத்தினார். அப்பவும் மூணுதான். பிளக்கும் நிரபராதி. மிச்சம் இருந்தது ஒயரிங், இன்ஜெக்டர், கம்ப்ரஷன்.

மூணாவது காயிலுக்கு வர்ற கனெக்டரை விரலால் ஆட்டிப் பார்த்தார். லொடலொடன்னு ஆடுச்சு. பிளாஸ்டிக் லாக் உடைஞ்சிருந்துச்சு. பத்து வருஷ சூட்டுல மொறமொறன்னு ஆன பிளாஸ்டிக், காயில் மாத்துறப்போ கழட்டினதுல முறிஞ்சிருக்கு. "நம்ம கையிலதான் உடைஞ்சிருக்கு தம்பி"ன்னு அண்ணனே ஒத்துக்கிட்டார்.

சரி, ஐடிலிங்ல நல்லா இருந்துச்சே, எப்படி? 12 வோல்ட்டை வாங்கி, பிளக் முனையில் பாய 20,000 வோல்ட்டுக்கு மேல ஆக்குறது காயிலோட வேலை. சிலிண்டருக்குள் அழுத்தம் கூடினால் அதே இடைவெளியைத் தாண்ட அதிக வோல்ட் வேணும். ஹை வோல்டேஜ் பேப்பர்ல படிக்கிற பாஷன் விதி இங்கே வந்து நிற்குது. ஐடிலிங்ல அழுத்தம் கம்மி, அரைகுறை கரன்ட்டே போதும். மேட்டுல ஆக்ஸிலேட்டரை அழுத்தினா அழுத்தம் ஏறும், லூஸ் கனெக்டர் வழியா வர்ற கரன்ட் பத்தாது, பொறி தாண்டாது. கனெக்டர் முழுசா கழன்றிருந்தா பி0353 என்று காயில் சர்க்யூட் கோடே வந்திருக்கும். அரைகுறையா ஒட்டிக்கிட்டு இருந்ததால அதுவும் வரல.

கொஞ்சம் ஒயரோட புது கனெக்டர் போட்டார். வேலைக்குக் காசு வாங்கல.

முதல் தடவையே நான் அழிக்காம இருந்திருந்தா? லைட்டு மூணு ஓட்டத்துலயும் அணைஞ்சிருக்காது. சித்தப்பா வண்டியை 'அப்படியே' கொண்டு போயிருப்பார். பாட்டி அந்த மேம்பாலத்துல மூச்சைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்க வேண்டியிருந்திருக்காது.

உங்க வீட்டு வண்டிக்கு இது வந்தா

1. முதல்ல படிங்க, எழுதுங்க. கோடு, ஃப்ரீஸ் ஃப்ரேம், தற்காலிகக் கோடு, மூணையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைங்க. சில நூறு ரூபாய் அடாப்டரே போதும்.

2. ரிப்பேருக்குப் பிறகு வந்திருக்கிற கோடு பழசா, புதுசா பாருங்க. பழைய கோடே இருந்து வண்டி நல்லா ஓடினா, பழுது நடந்த மாதிரியான ரோட்டுல மூணு ஓட்டம் ஓட்டுங்க. புதுக் கோடு வந்திருந்தா, கை பட்ட இடத்தை முதல்ல சந்தேகப்படுங்க: மாட்டாம விட்ட கனெக்டர், கழன்ற வேக்குவம் ஹோஸ், இடம் மாறின இன்ஜெக்டர் கனெக்டர், இறுக்கும்போது விரிசல் விட்ட பிளக் பீங்கான், தப்பான பிளக் இடைவெளி.

3. கோடு ஒரே சிலிண்டரைச் சொன்னா, புதுசு வாங்குறதுக்கு முன்னாடி இடம் மாத்திப் பாருங்க. ஒரு நேரத்துல ஒரு பொருள் மட்டும். ரெண்டையும் சேர்த்து மாத்தினா எது காரணம்னு கடைசி வரை தெரியாது.

4. என்ஜின் ஆஃப் பண்ணி, ஆறின பிறகு மட்டும் கை வைங்க. ஓடுற என்ஜின்ல காயிலை உருவிப் பார்க்கிற வேலையே வேண்டாம்.

5. அழிக்கலாமா? அழிக்கலாம். கோடை எழுதி வெச்சு, காரணத்தைக் கண்டுபிடிச்சு, சரி பண்ணின பிறகு, சோதிச்சுப் பார்க்க. அதுக்கு முன்னாடி வேண்டாம்.

புது கனெக்டர் போட்ட பிறகு நாங்க லைட்டை அழிக்கல. அடுத்த டயாலிசிஸுக்குப் போனது ஒரு ஓட்டம், வந்தது ரெண்டு. அதுக்கடுத்த தடவை போனது மூணு. மூணு தடவையும் அதே மேம்பாலம். அன்னைக்கு பாட்டியை வீட்டுக்குக் கூட்டிட்டு வர சித்தப்பா சாவியைத் திருப்பினார். மஞ்சள் படம் ஒரு முறை எரிஞ்சுது. என்ஜின் ஸ்டார்ட் ஆனதும் தானா அணைஞ்சுது.

"இந்த தடவை யாருடா அணைச்சது?"ன்னு சித்தப்பா கேட்டார்.

"வண்டியே அணைச்சுக்கிச்சு சித்தப்பா"ன்னேன்.